சுனாமி ஒரு காலையில் போய்விட்டது, பாதிப்பு ஏன் போகவில்லை?

தங்கை மகள் அட்டனில் சாதாரண தரத்துக்குப் படிக்கிறாள். புவியியல் ஒப்படை ஒன்றுக்காகக் கேட்டாள்: "மாமா, சுனாமி ஒரு காலையில வந்துட்டுப் போயிருச்சு. அப்புறம் ஏன் இத்தன வருஷமா கரையோர மக்கள் பாதிப்புன்னு எழுதிக்கிட்டே இருக்காங்க? அதோட, நாம மலையில இருக்கோம். நமக்கு என்ன?"

நல்ல கேள்விகள். நான் புவியியல் படிப்பித்து ஓய்வு பெற்றவன். 2005 ஜனவரியில் ஒரு நிவாரண லொறியில் தொற்றிக்கொண்டு கிழக்குக் கரையில் காரைதீவு வரை போய் வந்தவனும்கூட. அதனால் பதில் கொஞ்சம் நீளும். "நமக்கு என்ன" என்பதிலிருந்தே தொடங்குகிறேன்.

கண்டிக்குப் பக்கத்தில் பல்லேகலையில் ஒரு நில அதிர்வுப் பதிவு நிலையம் இருக்கிறது. உலகளாவிய வலையமைப்பு ஒன்றைச் சேர்ந்தது. இங்கே நம் புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகம் பார்த்துக்கொள்கிறது. 2004 டிசம்பர் 26, நம் நேரப்படி காலை 6.59க்குச் சுமாத்திராவின் வடமேற்குக் கரைக்கு அப்பால் கடலடித்தளம் உடைந்தது. (அந்த வருடங்களில் நம் கடிகாரம் இந்தியாவைவிட அரை மணி முந்தி ஓடியது. பழைய செய்திகளில் நேரம் முன்பின்னாக இருந்தால் குழம்பாதே.) நிலநடுக்கத்தின் அளவு 9.1. பாறைக்குள் ஓடிய அதிர்வு சில நிமிடங்களில் பல்லேகலைக்கு வந்துவிட்டது. நிலத்தின் மேற்பரப்பில் ஓடும் பெரிய அதிர்வலைகள் கடந்தபோது இங்கே நிலம் 9 சென்ரிமீற்றருக்கும் மேல் ஏறி இறங்கியது என்று அந்தப் பதிவிலிருந்து கணித்திருக்கிறார்கள். ஒரு விரல் நீளம் மலை மொத்தமும் மேலே போய்க் கீழே வந்திருக்கிறது. நாம் எல்லோரும் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தோம், கோப்பை தளும்பக்கூட இல்லை. மிக மெதுவான ஆட்டம் என்பதால் உடம்புக்குத் தெரியாது.

ஆகச் செய்தி முதலில் மலைக்குத்தான் வந்தது. கருவி தன் வேலையைச் செய்தது. ஆனால் அதைப் பார்த்துக் கல்முனைக்கோ காலிக்கோ ஒரு கோல் எடுத்துச் சொல்ல நாட்டில் எந்த ஏற்பாடும் இருக்கவில்லை. ஹவாயில் இருந்த பசுபிக் எச்சரிக்கை நிலையம் கால் மணி நேரத்தில் முதல் அறிவிப்பை விட்டது. அதில் அளவைக் குறைத்து 8.0 என்று மதிப்பிட்டிருந்தார்கள், பசுபிக்கில் ஆபத்து இல்லை என்றார்கள். இந்து சமுத்திரத்தில் யாருக்குச் சொல்வது என்று அவர்களிடமும் ஒரு பட்டியல் கிடையாது. கடல் நம் கிழக்குக் கரைக்கு வந்தபோது எட்டரைக்கும் ஒன்பதுக்கும் இடை. தெற்கே பெரலியவில் "சமுத்திரா தேவி" ரயிலை அலை புரட்டியபோது ஒன்பதரை. இரண்டரை மணி நேரம்! அட்டனிலிருந்து பஸ்ஸில் கண்டிக்குப் போய்ச் சேரலாம். அந்த ரயிலிலும் அதைச் சுற்றியும் மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். சுனாமி இயற்கை அனர்த்தம் என்று எழுதும்போது அந்த இரண்டரை மணி நேரத்தையும் எழுது. அது இயற்கை செய்ததில்லை.

அலை எப்படி உண்டாகிறது என்பது உன் புத்தகத்தில் இருக்கும், சுருக்கமாகப் போகிறேன். பூமியின் மேலோட்டில் ஒரு பெரிய துண்டான இந்தியத் தட்டு, பர்மாத் தட்டு என்று சொல்லும் சிறு தட்டுக்குக் கீழே செருகிக்கொண்டு போகிறது. பல நூறு வருடம் சிக்கிக் கிடந்த விளிம்பு அன்று சுமார் 1,200 கிலோமீற்றர் நீளத்துக்குப் பிய்ந்து, கடலடித்தளத்தைத் தூக்கிவிட்டது. மேலிருந்த தண்ணீரும் சேர்ந்து எழும்பியது. நாலு கிலோமீற்றர் ஆழக் கடலில் அந்த அலை மணிக்கு 700 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும், உயரமோ ஒரு மீற்றர்கூட வராது. மேலே படகில் இருப்பவனுக்குத் தெரியாது. கரை நெருங்கி ஆழம் குறைய, முன்பகுதி வேகம் குறைந்து பின்னால் வருவது அதன்மேல் ஏறுகிறது. படங்களில் வரைவதுபோல் சுருண்டு விழும் அலையாக அதை நினைக்காதே. கடல் மட்டமே உயர்ந்து, ஆறு பெருக்கெடுத்ததுபோல் ஊருக்குள் ஓடிக்கொண்டே இருந்தது என்றுதான் பார்த்தவர்கள் சொன்னார்கள்.

இன்னொன்று. "கடல் உள்ளே போனால் ஓடு" என்று எல்லோரும் படிப்பிக்கிறோம். சரிதான், ஆனால் அரைப் பாடம். அன்று தாய்லாந்துப் பக்கம் முதலில் அலையின் பள்ளம் வந்தது, கடல் பின்வாங்கியது. நம் பக்கம் முதலில் வந்தது மேடு. எச்சரிக்கை தராமலே தண்ணீர் ஏறியது, பிறகு வற்றியது, அதற்குப் பிறகுதான் பெரியது வந்தது. தெற்கில் பலர் செத்தது இந்த இடைவெளியில். முதல் தண்ணீர் முழங்காலளவு வந்து போனதும், வெளியே தெரிந்த கடல் தரையில் மீன் பொறுக்கவும் வேடிக்கை பார்க்கவும் இறங்கினார்கள். பெரலியவில் முதல் அலையில் நின்றுபோன ரயிலைப் பாதுகாப்பான இடமென்று நினைத்து ஊர்ச்சனமும் அதில் ஏறியது.

இலங்கையில் செத்தவர்களும் காணாமல் போனவர்களுமாக 35,000க்கும் மேல். அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்தைத் தாண்டியது. வீடு இழந்து முகாமுக்குப் போனவர்கள் ஐந்து இலட்சம் அளவில். இந்த எண்களை ஒப்படையில் போடு, ஆனால் அதோடு நிறுத்தாதே. யார் செத்தார்கள் என்று பார். பெண்களும் பிள்ளைகளும்தான் அதிகம். ஞாயிற்றுக்கிழமை, போயா (பௌர்ணமி விடுமுறை), கிறிஸ்மஸுக்கு அடுத்த நாள். பிள்ளைகள் வீட்டில், அம்மாமார் அடுப்படியில். ஆண்களில் சிலர் ஆழ்கடலில் இருந்தார்கள், அங்கே அலை தெரியவே இல்லை. நீச்சலும் மரம் ஏறலும் ஆண்பிள்ளைக்கு மட்டும் பழக்கிய கரை. பெண்களுக்குச் சேலை காலைச் சுற்றியது, கூந்தல் கம்பியிலும் வேலியிலும் சிக்கியது, இடுப்பில் ஒரு குழந்தை, கையில் இன்னொன்று. மட்டக்களப்பில் நாவலடி என்ற இடம் கடலுக்கும் வாவிக்கும் நடுவில் ஒடுங்கிய மணல் துண்டு. கடலிலிருந்து ஓடினால் வாவி. எங்கே ஓடுவது?

இப்போது உன் முதல் கேள்வி. அலை போய்விட்டதே, பிறகென்ன? நான் பார்த்த ஒரு கிணற்றைச் சொல்கிறேன்.

எங்கள் தோட்டப் பக்கத்துச் சனம் பலர் ஒரு நாள் பேரை (கூலியை) அப்படியே கொடுத்தார்கள். அந்தக் காசுக்கு அரிசி, பருப்பு, ரின்மீன், கொஞ்சம் துணி வாங்கி, பதுளை, பிபிலை, அம்பாறை வழியாகக் காரைதீவுச் சந்தியில் போய் இறங்கினோம். சாமான் இறக்கிய வளவில் ஒரு அக்கா இருந்தார். வீட்டில் நின்றது ஒரு சுவர், அதில் ஆணியில் ஒரு நாட்காட்டி. கிணற்றின் மேல்வளையம் உடைந்து சரிந்து கிடந்தது. அவர் வாளியை விட்டு அள்ளி, "நாக்கில வைச்சுப் பாருங்க தம்பி" என்று நீட்டினார். கருவாட்டுச் சட்டியில் ஊறிய தண்ணீர் போல இருந்தது. மூன்று தடவை வெவ்வேறு ஆட்கள் மெஷின் கொண்டுவந்து இறைத்துவிட்டுப் போனார்களாம். ஒவ்வொரு தடவையும் உப்பு கூடியதாம்.

நல்ல மனதோடு செய்த கெடுதல் அது. அந்தக் கரை முழுக்க மணல். மழைநீர் மணலில் இறங்கி, அடியில் இருக்கும் உப்புநீருக்கு மேலே ஒரு வில்லைபோல மிதக்கும். நன்னீர் பாரம் குறைந்தது, அதனால் மேலே நிற்கிறது. ஏட்டுக் கணக்கில், நன்னீர் மட்டம் ஒரு அடி இறங்கினால் கீழேயிருக்கும் உப்புநீர் நாற்பது அடி ஏறப் பார்க்கும். மேலேயிருந்து அலை ஊற்றிய உப்பு ஒரு பக்கம். மெஷின் போட்டு மொத்தமாக இறைக்க இறைக்கக் கீழேயிருந்து ஏறிய உப்பு மறுபக்கம். மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாக இறைத்துவிட்டு மழைக்குக் காத்திருக்க வேண்டும் என்ற அறிவுரை பிறகுதான் பரவியது. அதற்குள் பல கிணறுகளின் அடி சரிந்து மணல் மூடிவிட்டது. அடுத்த மாரி வரை பவுசரில் வரும் தண்ணீரும் வரிசையில் நிற்கும் பிளாஸ்டிக் கான்களும்தான். நமக்குப் பீலி (மலைநீர் வந்து விழும் குழாய்) எப்படியோ அவர்களுக்குக் கிணறு அப்படி. பீலி அடைபட்டால் ஒரு லயம் (தோட்டத்து வரிசை வீடுகள்) என்ன பாடுபடும் என்று உனக்குத் தெரியும்.

கிணறு போல ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்க்கலாம். பிணங்களைப் பார். செத்த உடல் கிடந்தால் நோய் பரவும் என்ற பயத்தில் அடையாளம் காணாமலே குழி வெட்டிப் புதைத்தார்கள். உண்மையில் விபத்தில் செத்த உடலால் கொள்ளைநோய் வருவது அரிது. நாட்டில் அப்படி ஒன்றும் வரவுமில்லை. ஆனால் அவசரப் புதைப்பால் புருஷன் செத்தானா காணாமல் போனானா என்று தெரியாத பெண்கள் மிச்சமானார்கள். மரணச் சான்றிதழ் இல்லாமல் நட்டஈடு இல்லை, வங்கிப் பணம் இல்லை. 2005இல் இதற்கென்றே ஒரு தற்காலிகச் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி எல்லாம் கடலோடு போனவர்கள் பிரதேச செயலகத்தில் தாங்கள் யார் என்று நிரூபிக்க நின்றார்கள். காகிதம் இல்லாமல் ஒரு மேசைக்கு முன்னால் நிற்பது என்றால் என்னவென்று மலையகத்துக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1948இல் போன குடியுரிமை நம்மில் மிச்சமிருந்தவர்களுக்குச் சட்டப்படி வந்தது 2003இல், அலைக்கு முந்திய வருடம்.

வீட்டு விஷயம் இன்னும் நுணுக்கமானது, புத்தகங்களில் அதிகம் வராது. மட்டக்களப்பு, அம்பாறைக் கரையில் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் கல்யாணத்தின்போது வீட்டையும் வளவையும் மகள் பெயரில் எழுதிக் கொடுப்பது வழமை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவார். ஆகக் கடல் கொண்டுபோன வீடுகளில் பெரும்பாலானவை பெண்களின் சொத்து. புதிய வீடு கொடுக்கும்போது படிவத்தில் "குடும்பத் தலைவர்" என்று ஒரு கட்டம். அதில் ஆணின் பெயர் விழுந்தது, உறுதியும் அந்தப் பெயரில் போனது. தாய்வழியாக வந்த சொத்து ஒரு படிவத்தில் கைமாறிவிட்டது. கடல்கூட அப்படிச் செய்யவில்லை. மண்ணை அவள் பெயரில் விட்டுவிட்டுத்தான் போனது.

அதற்கு மேல் கரையோரத் தடை வலயம். தெற்கிலும் மேற்கிலும் கடலிலிருந்து 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர் தூரத்துக்குள் திருப்பிக் கட்டக்கூடாது என்றார்கள். ஏன் கிழக்குக்கு இரட்டிப்பு என்று அந்த மக்கள் கேட்டதில் நியாயம் இருந்தது. கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனைப் பக்கம் போனால் புரியும்: கிழக்கே கடல், மேற்கே வயல், நடுவில் ஒடுங்கிய மணல்மேட்டில் வீட்டோடு வீடு ஒட்டி ஊர். 200 மீற்றரை எடுத்துவிட்டால் ஊரில் பாதி போச்சு, போக வேறு காணி கிடையாது. மருதமுனைக் கைத்தறிக்காரருக்குத் தறி போனது, தறி போட இடமும் போனது. பிறகு விதி தளர்த்தப்பட்டது. ஆனால் இடையில் ஒரு வருடத்துக்கு மேல் சனம் தகரக் கொட்டிலில் வெந்தது. அக்கரைப்பற்றுக்கு அருகே நுரைச்சோலையில் சவூதி உதவியில் கட்டிய 500 வீடுகள் யாருக்கு எந்த விகிதத்தில் என்ற வழக்கில் சிக்கி, ஆள் குடிபோகாமல் வருடக்கணக்காகப் பற்றை மண்டிக் கிடந்தன. அரசும் புலிகளும் சேர்ந்து உதவியைப் பகிர்வதற்கான பொதுக்கட்டமைப்பு 2005 ஜூனில் கையெழுத்தானது. ஜூலையில் உயர் நீதிமன்றம் அதன் முக்கிய பகுதிகளை நிறுத்தி வைத்தது. அதைப் பற்றி இவ்வளவு போதும், உன் ஒப்படை அரசியல் பாடத்துக்கு இல்லை.

தொழிலைப் பற்றி ஒரு வார்த்தை. நாட்டின் மீன்பிடிப் படகுகளில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் உடைந்தன அல்லது காணாமல் போயின. உதவிக்கு வந்தவர்களுக்குப் படகு கொடுப்பது பிடித்திருந்தது, படம் எடுக்க நன்றாக இருக்கும். அதனால் சிறு படகுகள் தேவைக்கு மேல் வந்தன. சில கடலுக்கே லாயக்கில்லாதவை, சில மீன் பிடிக்கத் தெரியாதவர் கைக்குப் போனவை. ஆனால் கரைவலை என்பது ஒரு ஆள் வேலை இல்லை. வலைக்காரர், தோணிக்காரர், கயிறு இழுக்கும் முப்பது நாற்பது கைகள், மீனைப் பிரித்துக் கருவாடு போடும் பெண்கள், சைக்கிளில் பெட்டி கட்டிப் போகும் வியாபாரி என்று ஒரு சங்கிலி. படகு வந்தது, கயிறு இழுத்தவர்களுக்கு ஒன்றும் வரவில்லை.

அந்தச் சங்கிலியின் கடைசி வளையம் நாம்தான். ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் நம் பக்கம் மீன் வாங்க ஆள் இல்லை. பிணம் தின்ற மீன் என்று பேச்சு. நெத்தலிக் கருவாட்டைக்கூட உன் அம்மம்மா தொடமாட்டேன் என்றார். அது அலைக்கு முந்திய கருவாடு என்று கடைக்காரர் சத்தியம் செய்யாத குறை. நாடு முழுக்க இதே கதை. படகு தப்பிய மீனவரும் பிடித்ததை விற்க முடியாமல் நின்றார். மலையில் ஒரு குசினியில் எடுத்த முடிவு கரையில் ஒரு அடுப்பை அணைத்தது. "நமக்கு என்ன" என்பதற்கு இது இரண்டாவது பதில்.

பாதிப்பு ஏன் இடத்துக்கு இடம் மாறியது என்றும் உன்னிடம் கேட்பார்கள். கடலடி அமைப்பு, கரையின் வளைவு எல்லாம் உண்டு. மனிதன் செய்ததும் உண்டு. பெரலியப் பக்கம் சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வருடக்கணக்காக வெட்டி எடுத்திருந்தார்கள், அந்த இடைவெளி வழியாகத் தண்ணீர் நெடுந்தூரம் உள்ளே போனது. கொஞ்சம் தள்ளி ஹிக்கடுவையில் பவளம் மிச்சமிருந்த இடத்தில் சேதம் குறைவு. யாலவில் கடல் தெரிய வேண்டும் என்று மணற்குன்றை வெட்டிய ஒரு விடுதி அடியோடு போனது. நாம் சரிவில் மரத்தை வெட்டிவிட்டு மண் ஏன் வந்தது என்று கேட்பது போல.

மண் என்றதும் மீரியபெத்தை. 2014 அக்டோபர் 29, காலை ஏழரை மணியளவில் கொஸ்லந்தைக்குப் பக்கத்தில் மண்சரிவில் லயங்கள் மொத்தமாகப் புதைந்தன. 2005இலும் 2011இலும் அங்கே ஆபத்து என்று சொல்லப்பட்டிருந்தது. சொல்லியும் சனத்தை எடுத்து வைக்க வேறு காணி கொடுக்கப்படவில்லை. பல்லேகலைக் கருவி சுனாமி அன்று தனியாகத் தெரிந்துவைத்திருந்தது. மீரியபெத்தையில் காகிதம் தெரிந்துவைத்திருந்தது. ஒப்படையில் ஒப்பிட ஒரு உதாரணம் வேண்டுமானால் ஜப்பானுக்குப் போகாதே, இதை எழுது.

சரி, பிறகு என்ன மாறியது? 2005இல் அனர்த்த முகாமைத்துவச் சட்டம் வந்தது, நிலையம் வந்தது. கரையோரம் சுற்றி 77 எச்சரிக்கைக் கோபுரங்கள் நட்டார்கள். இந்தியா, இந்தோனேசியா, அவுஸ்திரேலியா மூன்றும் இந்து சமுத்திரத்துக்கு எச்சரிக்கைத் தகவல் தருகின்றன. இங்கே வளிமண்டலவியல் திணைக்களம் அதை வாங்கி அறிவிக்கிறது. கோபுரம் எல்லாம் எப்போதும் வேலை செய்கிறதா என்று கேட்காதே, உப்புக்காற்றில் இரும்பு என்னவாகும் என்று தெரியும். ஏப்ரல் லீவுக்குப் பாசிக்குடா, அறுகம்பே போகிறாய் அல்லவா? இவ்வளவு தூரத்தில் நடக்கும் நடுக்கம் உன் காலுக்குத் தெரியாமலே போகலாம். கடல் வழமைக்கு மாறாக ஏறினாலும் சரி, வற்றினாலும் சரி, சைரன் கேட்டாலும் சரி, பையை விட்டுவிட்டு உள்நாட்டுப் பக்கம் ஓடு. முடியாவிட்டால் உறுதியான மாடிக் கட்டடத்தில் மேல் தட்டுக்கு ஏறு. முதல் அலை போனதும் இறங்காதே, அடுத்தடுத்த அலைக்குள் பல நிமிடம் இடைவெளி இருக்கும், மணிக்கணக்கில் வந்துகொண்டிருக்கும்.

2012 ஏப்ரல் 11ஆம் திகதி இது எல்லாம் ஒரு தடவை பரீட்சிக்கப்பட்டது. மத்தியானம் இரண்டு மணிக்குப் பிறகு சுமாத்திராவுக்கு அப்பால் 8.6 அளவு நடுக்கம். சித்திரைப் பலகாரம் சுட்டுக்கொண்டிருந்தோம். நாடு முழுக்கக் கரையைக் காலி செய்தார்கள். அன்று ஒரே தட்டுக்குள் பாறைகள் ஒன்றையொன்று உரசிப் பக்கவாட்டில் நகர்ந்தன; கடலடி பெரிதாகத் தூக்கப்படவில்லை, அதனால் பெரிய அலை இல்லை. அது எங்களுக்குத் தெரியவந்தது சாயங்காலம்தான். அதற்கு முன்னால் நான் காரைதீவு அக்காவுக்கு கோல் எடுத்தேன். எடுக்கவே மாட்டேன் என்கிறார். பத்தாவது தடவை எடுத்தார். பின்னால் ஹோர்ன் சத்தமும் பிள்ளைகள் சத்தமும்.

"அம்பாறை ரோட்டில நிக்கிறம் தம்பி, எல்லாரும் வந்திட்டம். பயப்படாதீங்க. கிணத்துக்குப் பலகை போட்டு மூடிப்போட்டுத்தான் வந்த நான்."

பலகை கடலைத் தடுக்காது என்று அவருக்கும் தெரியும். நல்லது அக்கா என்றேன்.